பெட்பேனை யார் எடுப்பது?

நம் கூட்டங்களில் ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "பீ அள்ற வேலையிலிருந்து வெளிய வரத்தான் நாம படிக்கிறோம். அப்புறம் எதுக்கு நம்ம பொண்ணுங்களை நர்சிங் படிக்க வெக்கணும்? வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு அதே பீயைத்தானே அள்ளப் போறாங்க? டாக்டராகட்டும், கலெக்டராகட்டும்." மேடையேறிப் பேசுகிற அண்ணன்மாரும் இதைச் சொல்கிறார்கள். கைதட்டலும் விழுகிறது. இதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

நான் தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்துக் காலனிக்காரி. மூன்று வருடம் டிப்ளமோ நர்சிங் படித்து, பதிவு எண் வாங்கி, வார்டில் வேலை செய்கிறவள். அந்தப் பாத்திரத்தைக் கையால் பிடித்தவள். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

அண்ணன்மார்களே, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது திரும்பியிருக்கிற திசை தப்பு. நர்சு பீ அள்ளுகிறாள் என்பதல்ல பிரச்சினை. நர்சு அதைத் தொடுவதில்லை, நம் வீட்டுப் பெண்ணை விட்டுத் தொட வைக்கிறாள் என்பதுதான் பிரச்சினை. இரண்டுக்கும் நடுவில்தான் மருத்துவமனையின் சாதி உட்கார்ந்திருக்கிறது.

நர்சிங் என்றால் ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். முதல் வருடப் பாடத்தைப் பாருங்கள். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், சமூகவியல், சத்துணவு, முதலுதவி, சமுதாய நலம். இத்தனைக்கும் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பாடம்: செவிலிய அடிப்படைகள். 'ஃபண்டமெண்டல்ஸ்' என்போம். அதில் என்ன சொல்லித்தருகிறார்கள்? ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது. படுக்கையிலேயே குளிப்பாட்டுவது. வாய் கழுவிவிடுவது. தலை வாரிப் பேன் எடுப்பது. முதுகைத் துடைத்து, தேய்த்து, புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைப்பது. எனிமா கொடுப்பது. பெட்பேன் வைப்பது, எடுப்பது, கால் கழுவிவிடுவது. உயிர் போய்விட்டால் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்து, துவாரங்களில் பஞ்சு வைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பெயர்ச்சீட்டு மாட்டி, துணியில் பொதிவது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள் தோழர்களே. நம் ஊர்களில் இதையெல்லாம் யார் செய்தார்கள்? பிரசவம் பார்த்தவள் மருத்துவச்சி. தீட்டுத் துணியை வெளுத்தவர் வண்ணார். நமக்கு வெளுத்தவரையோ கண்ணில் பட்டாலே தீட்டு என்று புதிரை வண்ணார் ஆக்கி வைத்தார்கள். பீ அள்ளியவர் தோட்டி. பிணம் எரித்தவர் வெட்டியான். ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு சாதி, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தீட்டு. சாதி இப்படிப் பங்கு போட்டுப் பிரித்து வைத்ததையெல்லாம் ஒரு பாடப்புத்தகம் வாரி எடுத்து ஒரே ஆளின் கையில் கொடுக்கிறது. கொடுத்து, 'இது இழிதொழில் இல்லை, இது அறிவு. இதற்குப் பரீட்சை உண்டு, மார்க் உண்டு, சம்பளம் உண்டு' என்று சொல்கிறது.

சாதியை ஒழிக்க வேண்டும் என்று யாரும் இந்தப் பாடத்தை எழுதவில்லை. நோயாளி பிழைக்க வேண்டுமானால் வேறு வழி இல்லை என்பதால் எழுதினார்கள். 1854-இல் கிரிமியப் போருக்குப் போன ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் நர்சிங் குறித்துப் புத்தகம் எழுதியபோது, நோயாளியின் அறையிலுள்ள மலப்பாத்திரத்தை எப்படி மூட வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்பதற்கும் இடம் ஒதுக்கினார். சீமாட்டிக் குடும்பத்துப் பெண் அவர். அவருக்கு அதை எழுதக் கூச்சமில்லை. நம் நாட்டில்தான் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு, வார்டுக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். பள்ளியின் செயல்முறை அறையில் ஒரு பொம்மை படுத்திருக்கும். அதற்குப் பெட்பேன் வைத்துக் காட்டி, திரை மறைத்து, 'அம்மா, கொஞ்சம் இடுப்பைத் தூக்குங்கள்' என்று சொல்லி, மார்க் வாங்குகிறோம். பொம்மைக்கு வெளிக்கு வராது. வார்டில் படுத்திருக்கிற மனிதருக்கு வரும். "சிஸ்டர், வெளிக்கு வருது" என்று அவர் கூப்பிட்டால், நான் படித்த காலத்தில் கிடைத்த பதில், "ஆயாவைக் கூப்பிடுங்க." பாத்திரத்தை எடுக்கக் கை நீட்டிய மாணவிக்குக் கிடைத்த புத்திமதி, "நீ எதுக்கும்மா அதைத் தொடுற? ஆயா வரும்."

அந்த 'வரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பஸ் வரும். மழை வரும். ஆயா வரும். அறுபது வயதை நெருங்கிய ஒரு பெண்ணை 'வருவாங்க' என்று சொல்ல வாய் வராது. அந்த ஆயா எங்கள் காலனிக்குப் பக்கத்துக் காலனி. எனக்குச் சின்னம்மா முறை. கையுறை இல்லாமல் வந்து எடுத்துக்கொண்டு போவார். நான் வெள்ளை உடுப்பில் நிற்பேன். சின்னம்மா என்னை வார்டுக்குள் 'சிஸ்டர்' என்பார், நான் 'சின்னம்மா' என்றே கூப்பிடுவேன். அதற்கும் ஒரு டியூட்டருக்குக் கோபம் வந்தது: "வார்டுல முறை வெச்சுக் கூப்பிடாத. அது அது அதது இடத்துல இருக்கணும்."

அது அது அதது இடத்துல. மனுதர்மத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் தமிழில் சொல்லிவிட முடியாது.

சரி, ஆயா எடுத்தால் என்ன, நர்சு எடுத்தால் என்ன, வேலை நடந்தால் சரிதானே என்பார்கள். நடப்பதில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். பெட்பேனில் இருப்பது வெறும் பீ இல்லை. அதில் நோயாளியின் உள்ளுறுப்புகள் எழுதி அனுப்பிய கடிதம் இருக்கிறது. மலம் கீல் மாதிரிக் கறுத்து, பிசுபிசுத்துப் போனால் இரைப்பையிலோ முன்குடலிலோ ரத்தம் கசிகிறது. களிமண் நிறமாக வெளுத்துப் போனால் பித்தநீர் குடலுக்கு இறங்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போனால் காலராவோ என்று உடனே சந்தேகப்பட வேண்டும். பெரிய ஆளுக்கு ஒரு நாளில் 400 மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கினால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது. இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பரீட்சையில் எழுதியும் காட்டியிருக்கிறோம்.

ஆனால் எது தெரியுமோ அவள் பார்ப்பதில்லை. எவள் பார்க்கிறாளோ அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. படித்த கண்ணுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே தீட்டு நிற்கிறது. விடியற்காலை டியூட்டி கைமாறும்போது, உட்கொண்டது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று எழுதுகிற தாளில் யாரும் அளந்து பார்க்காத எண்கள் ஏறுகின்றன. நான் பார்த்த வார்டுகளில் அப்படித்தான் ஏறின. அந்த எண்ணை நம்பித்தான் டாக்டர் அடுத்த பாட்டிலை எழுதுகிறார். சாதி, நோயாளியையும் சேர்த்துத்தான் கொல்கிறது. படுத்திருப்பவர் ஆதிக்க சாதிக்காரராக இருந்தாலும் கொல்லும். அவருடைய சாதி வளர்த்த தீட்டு அவருடைய படுக்கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக் காட்டினார். வேலையைப் பிரித்துக்கொள்வது எந்தச் சமூகத்திலும் உண்டு. சாதி செய்வது அதுவல்ல, அது வேலை செய்கிறவர்களையே பிரித்து, ஒருவர்மேல் ஒருவரை அடுக்குகிறது என்றார். மருத்துவமனை வார்டு அதற்கு உயிருள்ள உதாரணம். டாக்டர் தொடுவது குறைவு, சம்பளம் அதிகம். நர்சு தொடுவது கூட, சம்பளம் குறைவு. ஆயா தொடுவது முழுக்க, சம்பளம் ஒப்பந்தக்காரன் கையில். எவ்வளவுக்கு எவ்வளவு உடம்பைத் தொடுகிறாயோ அவ்வளவுக்கு அவ்வளவு கீழே. இதை நிர்வாகவியலில் 'பணிப் பகிர்வு' என்று எழுதிக்கொள்கிறார்கள்.

"ஆள் பத்தலைங்க. ஐம்பது பேருக்கு ஒரு ஸ்டாஃப். அவங்க பெட்பேன் எடுத்துக்கிட்டு நின்னா ஊசி யார் போடறது?" இந்த வாதத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்சு, மற்ற மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் கணக்கு. எந்த அரசு வார்டிலாவது அப்படி உண்டா? கிடையாது. பற்றாக்குறை உண்மைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆள் குறைவாக இருக்கும்போது எல்லா வேலையும்தானே கொஞ்சம் கொஞ்சம் குறைய வேண்டும்? ஏன் எப்போதும் முதுகு துடைப்பதும், வாய் கழுவுவதும், பெட்பேனும் மட்டுமே கைவிடப்படுகின்றன? எவ்வளவு வேலை விடுபடும் என்பதைப் பற்றாக்குறை முடிவு செய்கிறது. எந்த வேலை விடுபடும், அது யார் தலையில் விழும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது.

இது நேற்று முளைத்ததல்ல. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்சிங் பயிற்சி தொடங்கியது. அப்புறம் எழுபது, எண்பது வருடம் கழித்து 1946-இல் போர் கமிட்டி அறிக்கை எண்ணிப் பார்த்தபோது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்சுதான் இருந்தார். ஏன்? அடுத்தவர் உடம்பைத் தொடுகிற வேலை, அதுவும் அந்நிய ஆண் உடம்பை, அதுவும் ராத்திரியில் என்று சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. வந்தவர்கள் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும். சேரியிலிருந்து மதம் மாறிய குடும்பத்துப் பெண்களும் அவர்களில் உண்டு. ஊர் தொடத் தயங்கிய உடம்புகளை அவர்கள் தொட்டார்கள். சீழ் துடைத்தார்கள், பிள்ளை எடுத்தார்கள். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர்களைச் சொல்ல என் வாய் கூசுகிறது.

பிறகு அரசுச் சம்பளம் வந்தது, பென்ஷன் வந்தது, வளைகுடாவும் லண்டனும் வந்தன. எல்லாச் சாதியும் வந்தது. வரட்டும். ஒரு தொழில் ஒரு சாதிக்கு என்று இல்லாமல் போவதைத்தானே நாமும் கேட்கிறோம். ஆனால் வந்தவர்கள் தீட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். தொழிலின் பாதி 'சிஸ்டர்' ஆனது, பாதி 'ஆயா' ஆனது. பிரசவ அறையில் இது இன்னும் வெட்டவெளிச்சம். எங்கள் படிப்பில் ஒவ்வொரு மாணவியும் 20 சுகப்பிரசவம் தன் கையால் பார்த்து ரெக்கார்டு எழுத வேண்டும். தொப்புள்கொடி வெட்டியதை, நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று பரப்பிப் பார்த்ததை, ரத்தப்போக்கை, எல்லாம் எழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தொப்புள்கொடி அறுத்தவள் தீட்டுக்காரி, அவளுக்குக் கூலி முறத்தில் நெல். அதையே சான்றிதழோடு அறுத்தால் உத்தியோகம். அறிவு அவளிடமிருந்து எடுக்கப்பட்டது, தீட்டு மட்டும் அவளிடமே விடப்பட்டது. இன்று பிரசவம் முடிந்து மேசையைக் கழுவுகிறவள் யார் என்று போய்ப் பாருங்கள்.

வார்டுக்குள் மட்டுமா இப்படி? சமுதாய நலப் பயிற்சி என்று எங்களைக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். கையில் ஒரு பை. வீட்டுக்குள் போனதும் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பையை வைத்து, முதலில் சோப்பை எடுத்துக் கை கழுவ வேண்டும். பிறகுதான் பைக்குள் இருக்கிற கருவியைத் தொட வேண்டும். கிருமி பரவாமலிருக்க நல்ல முறை. ஆனால் கை கழுவத் தண்ணீர் அந்த வீட்டுக்காரர்தான் ஊற்ற வேண்டும். அங்கே வருகிறது வினை. "எந்தூரு பாப்பா நீ? ஊருக்குள்ளயா, காலனியா?" பதில் கேட்ட பிறகுதான் சொம்பு வரும், அல்லது வராது. ரத்த அழுத்தம் பார்க்கக் கை நீட்டியவர் பதிலைக் கேட்டு மடக்கிக்கொண்டதும் உண்டு.

இதற்குப் பள்ளி கண்ட தீர்வு என்ன தெரியுமா? அடுத்த நாளிலிருந்து காலனிப் பெண்களைக் காலனிக்கும் மற்றவர்களை ஊர்த்தெருவுக்கும் பிரித்து அனுப்பினார்கள். "அவங்கவங்களுக்குப் பழக்கமான ஏரியா" என்று காரணம். ஆக, சேரியிலிருந்து படிக்க வந்தவள் சேரிக்கு நர்சு. ஊருக்கு ஊர் நர்சு. பாடத்தில் 'சமுதாயம்' ஒருமையில்தான் இருந்தது. எங்கள் மாவட்டம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த மாவட்டம். பல்லில் பழுப்பு, எலும்பில் வளைவு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் 'குடிநீர் எங்கிருந்து' என்று ஒரு கட்டம் இருந்தது. யார் முதலில் பிடிக்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள், யாரைக் குழாயடியில் திட்டுகிறார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

முதல் வருடத்திலேயே சமூகவியல் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அது எதற்கு? எங்களுக்குக் குறிப்புச் சொல்லி எழுதவைத்தபோது சாதிமுறையின் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என்று எழுதவைத்தார்கள். தொழில் திறமை தலைமுறைக்குக் கைமாறுமாம், அது ஒரு நன்மை. என் நோட்டில் நன்மைப் பக்கத்தை நான் வெள்ளையாகவே விட்டிருந்தேன். இந்த வியாதி எங்கள் பள்ளியோடு நிற்கவில்லை. நர்சிங் மாணவிகளுக்கான ஒரு சமூகவியல் நூலில் வரதட்சணையின் நன்மைகள் என்று பட்டியல் போட்டு, அழகில்லாத பெண்ணுக்கும் அதனால் கலியாணம் நடக்கும் என்று அச்சிட்டிருந்தது 2022-இல் அம்பலமாகி நாடே காறித் துப்பியது. இந்திய செவிலியர் குழுமமே கண்டித்து அறிக்கை விட வேண்டிவந்தது. வரதட்சணைக்கு நாடு கொதித்தது, சரி. சாதியின் நன்மைகள் ஐந்துக்கு யார் கொதிப்பது?

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு சாதியின் நன்மை எழுதச் சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்ட மாவட்டம் இது. காரணம், நம் இளவரசனும் வன்னியர் வீட்டுப் பெண்ணும் மணம் செய்துகொண்டது. அந்தப் பெண் அப்போது நர்சிங் மாணவி என்பது எல்லோருக்கும் தெரியும். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்புறம் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். அதற்கப்புறம் பெண்களைப் படிக்க அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று ஊர்களில் பேசினார்கள். அவர்கள் பயம் படிப்பின்மேல் இல்லை. யார் யாரைத் தொடலாம் என்பதை இனி தாங்கள் முடிவு செய்ய முடியாதோ என்கிற பயம். சாதி என்பது கடைசியில் தொடுவதற்கான அனுமதிச்சீட்டுதானே. நர்சிங் படிப்போ, கேட்காமல் தொடு, எல்லாரையும் தொடு, தொட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று சொல்கிற படிப்பு. சாதிக்கு நேர் எதிரான ஒரு கல்வியை நம் மண்ணில் கண்ணால் காட்டச் சொன்னால், அரசியல் வகுப்பைவிட முதலில் நான் காட்டுவது 'ஃபண்டமெண்டல்ஸ்' வகுப்பைத்தான். ஆகவேதான் அதை வார்டில் நடக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி நம் பிள்ளைகளிடம் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டும். தலித் மாணவிகளே, தங்கச்சிகளே, உடுப்புப் போட்ட மறுநாளே நம்மில் சிலரும் "ஆயா வரும்" என்கிறோம். எதற்கு? பெட்பேனைத் தொட்டால் நம் சாதி தெரிந்துவிடும் என்கிற பயம். தொடாமல் நின்றால் நாமும் 'அவர்கள்' மாதிரி ஆகிவிடலாம் என்கிற நப்பாசை. இப்படி ஒரு படி மேலே ஏறுவதற்கு ஏணியாக மிதிபடுவது யார்? பறைச்சி ஒருத்தி கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அருந்ததியப் பெண் ஒருத்தி அள்ளுகிறாள் என்றால், அதற்குப் பெயர் விடுதலை இல்லை. அது படிநிலைச் சாதியின் பழைய வித்தை. நம்மை வைத்தே நடத்துகிற வித்தை. அருந்ததியர் உள் ஒதுக்கீடு 2009-இல் வந்தபோது நம்மில் சிலர் முகம் சுளித்ததும் இதே வித்தைதான்.

அதற்காக, 'தலித் மாணவி அள்ளட்டும், மற்றவள் ஊசி போடட்டும்' என்று நான் சொல்லவில்லை. அப்படி ஏவினால் அந்தப் பாத்திரத்தை ஏவினவர் மேசையில் வையுங்கள். நான் சொல்வது இதுதான்: வேலை பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும். ஐயர் வீட்டுப் பெண்ணானாலும் கவுண்டர் வீட்டுப் பெண்ணானாலும், வன்னியப் பெண்ணானாலும் பறைப் பெண்ணானாலும், நர்சு என்றால் அந்தப் படுக்கையின் ஊசியும் அவளுடையது, பெட்பேனும் அவளுடையது. தரை கழுவ ஆள் வேறு இருக்கட்டும். நோயாளியின் உடம்பு நர்சினுடையது.

இன்னொரு குழியையும் எச்சரிக்க வேண்டும். 'ஒரே வருடத்தில் நர்சு ஆகலாம்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டர்களை நம்பிப் போகிற பெண்கள் பெரும்பாலும் நம் பெண்கள். அந்தச் சான்றிதழுக்குத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு எண் கிடைக்காது. பதிவு எண் தராத படிப்பு நர்சிங் படிப்பு அல்ல. அது முடித்த பெண்ணுக்குச் சின்னத் தனியார் மருத்துவமனையில் உடுப்பு மட்டும் நர்சு உடுப்பு; வேலை ஆயா வேலை, சம்பளம் அதற்கும் குறைவு. தட்டிக் கேட்டால், "நீ நர்சே இல்லையே." காசு கட்டி ஏமாறுவதற்கு முன்னால் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். அங்கீகாரம் உள்ள சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்க 2012-இல் அரசாணை 92 வந்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்கு அது 2017-இல் வெட்டப்பட்டது. ஆகவே அரசு ஒதுக்கீட்டிலேயே சேருங்கள். உதவித்தொகை தாமதமானால் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுகிற நிர்வாகங்கள் உண்டு. தனியாகப் போய் அழாதீர்கள், நாலு பேராகப் போய்க் கேளுங்கள், இயக்கத்தைக் கூப்பிடுங்கள்.

பதிவு எண் வாங்கி வந்தவர்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 2015-இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு அரசு கொடுத்தது மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாவில் உயிரைப் பணயம் வைக்க எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை போனது. கைதட்டி, பூத்தூவி, வெளியே அனுப்பினார்கள். ஒப்பந்தம் என்கிற நோய் ஆயாவிடம் ஆரம்பித்து நர்சிடம் ஏறியிருக்கிறது. அவளை ஒப்பந்தக்காரனிடம் விட்டபோது நர்சுகள் பேசியிருக்க வேண்டும். இனியாவது நிரந்தரம் கேட்கிற நர்சுகளின் கோரிக்கைப் பட்டியலில் துப்புரவுப் பெண்ணின் நிரந்தரமும் இருக்க வேண்டும். 'தூய்மைப் பணியாளர்' என்று பெயரை மாற்றினால் போதாது.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். அமெரிக்காவில் கறுப்பினச் செவிலியர்கள் 1908-இல் தனிச் சங்கம் கட்டி, வெள்ளையரின் சங்கக் கதவைத் தட்டினார்கள். 1951 வரை அந்தச் சங்கம் தேவைப்பட்டது. 2022-இல் அமெரிக்க செவிலியர் சங்கம் தன் நிறவெறிக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. இங்கே, வார்டில் சாதி உண்டு என்று ஒப்புக்கொள்ளவே நம் சங்கங்கள் எப்போது வாய் திறக்கும்?

ஒவ்வொரு நர்சிங் பள்ளியிலும் விளக்கேற்றி நைட்டிங்கேல் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதை எழுதியது நைட்டிங்கேல் இல்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு நர்சிங் பள்ளியில் எழுதப்பட்டது. நாம் ஏற்ற வேண்டிய விளக்கு இன்னொன்று உண்டு. 1897-இல் பூனாவைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, முந்த்வா ஊருக்கு வெளியே மகார் சேரியில் நோய் கண்டிருந்த ஒரு சிறுவனைத் தூக்கிச் சுமந்து மகனின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார் சாவித்திரிபாய் புலே. தொட்டதால் நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். ஒரு நர்சிங் பள்ளிச் சுவரில் முதலில் மாட்ட வேண்டிய படம் அது.

ஆகவே மாணவத் தோழர்களே, கேட்க வேண்டியவை இவை. பெட்பேன், முதுகுப் பராமரிப்பு, இறந்தவர் உடல் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பொம்மையை வைத்து மார்க் போடுவதை நிறுத்து. வார்டில், நோயாளிக்குச் செய்ததை ரெக்கார்டில் ஏற்று. எல்லாச் சாதி மாணவிக்கும் ஒரே எண்ணிக்கை. கிராமப் பயிற்சியில் தெருவைச் சாதிபார்த்துப் பிரிக்காதே. சமூகவியல் பாடத்தில் சாதியின் நன்மைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பாடமாக வை. மருத்துவக் கழிவைக் கையாளுகிற அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. மாணவிக்குப் போடுகிற மூன்று ஊசியை ஆயாவுக்கும் போடு. ஊசியைக் கண்ட வாளியில் போட்டு அவள் கையைக் குத்தவைக்காதே. கறுப்பு மலம் என்றால் என்ன, சிறுநீரை ஏன் அளக்க வேண்டும் என்று அவளுக்கும் சொல்லிக்கொடு. சொல்லிக்கொடுத்தபின் அந்த அறிவுக்குச் சம்பளம் கொடு. அதுவரைக்கும் அவளை 'வருவாங்க' என்றாவது சொல்.

மேடை அண்ணன்மார்களே, டாக்டர் ஆவோம், கலெக்டரும் ஆவோம். ஆனால் இந்தச் சமூகத்தில் பீ என்று ஒன்று இருக்கும்வரை அதை யாராவது எடுத்தாக வேண்டும். அந்த யாராவது நம் சின்னம்மாவாக மட்டுமே இருக்கக் கூடாது என்பதுதான் போராட்டம். நாம் ஓடிவிட்டால் அவள் அங்கேயேதான் இருப்பாள். எல்லாரும் எடுக்கட்டும், மாறி மாறி எடுக்கட்டும், படித்துவிட்டு எடுக்கட்டும், பார்த்து எழுதிவைக்கட்டும். நம் பெண்களை நர்சிங்குக்கு அனுப்புங்கள், அந்தச் சண்டையை வார்டுக்குள் போட.